மூன்று ஐயர்களும் ஒரு முனியாண்டியும்

டெல்லி கணேஷுக்குத் தமிழக அரசின் திரைப்பட விருது எந்தப் படத்துக்குக் கிடைத்தது என்று சினிமா தெரிந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ‘சிந்து பைரவி’ என்பார்கள், ‘நாயகன்’ என்பார்கள், கொஞ்சம் யோசித்து ‘மைக்கேல் மதன காமராஜன்’ என்பார்கள். விடை ‘பசி’. துரை இயக்கி 1979-ல் வந்த படம். அதில் அவர் முனியாண்டி. சென்னைக் குடிசைப் பகுதியில் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைக்கிறவர், குப்பை பொறுக்கும் குப்பம்மாவுக்கு அப்பா. குப்பம்மாவாக நடித்த ஷோபாவுக்கு தேசிய விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே ஷோபா இறந்தும் போனார். அதனால் அந்தப் படத்தைப் பற்றிய பேச்சு அவரோடு தொடங்கி அவரோடே முடிந்துவிடுகிறது. பக்கத்தில் நின்ற அப்பாவை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

பார்த்திருக்க வேண்டும். விமானப் படையில் பத்தாண்டு வேலை பார்த்து, டெல்லியில் நாடகம் போட்டு, சென்னைக்கு வந்து சபா மேடை ஏறிய ஒரு நெல்லைச் சீமைக்காரர், மெட்ராஸ் ரிக்‌ஷாக்காரராகக் கேமரா முன்னால் வந்து நிற்கிறார். அந்தப் பேச்சை அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. அந்த உடம்புக்கு அந்த உழைப்புப் பழக்கமில்லை. ஆனாலும் திரையில் முனியாண்டி வேஷம் போட்டவராகத் தெரியவில்லை. அப்போது கணேஷுக்கு வயது 35. சினிமாவுக்கு வந்து இரண்டே வருஷம். தமிழ் சினிமா அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்: இந்த மனிதரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று. அது என்ன செய்தது? அவர் தோளில் ஒரு அங்கவஸ்திரத்தைப் போட்டு, நெற்றியில் விபூதியைப் பூசி, “சார், நீங்க இந்தப் பக்கம் வாங்க” என்று அக்கிரகாரத்துப் பக்கமாக அழைத்துக்கொண்டு போய்விட்டது.

அந்தச் சின்ன இடத்துக்குள் நின்றுகொண்டே அவர் எத்தனை வேறு வேறு மனிதர்களாக இருந்தார் என்பதுதான் ஆச்சரியம்.

ஆபீஸ் விட்டு மேடைக்கு

1944 ஆகஸ்ட் 1-ம் தேதி பிறந்தவர் கணேசன். 1964-ல் இந்திய விமானப் படையில் சேர்ந்தார், 1974-ல் வெளியே வந்தார். நடுவில் டெல்லியில் இருந்த காலத்தில்தான் தக்ஷிண பாரத நாடக சபா அவரைப் பிடித்துக்கொண்டது.

அந்த நாளைய டெல்லித் தமிழர்களின் உலகம் தனி. கரோல்பாக், லோதி காலனி, ராமகிருஷ்ணபுரம் என்று மத்திய அரசு ஊழியர்கள் நிறைந்த பகுதிகள். பகலெல்லாம் ஹிந்தியும் ஆங்கிலமுமாகக் கோப்பு புரட்டிவிட்டு, சாயங்காலமானால் தமிழைத் தேடி அலைகிற கூட்டம். சென்னைக் கம்பெனிகள் எப்போதாவது வந்து நாடகம் போட்டுவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் தாங்களே எழுதி, தாங்களே நடித்து, தாங்களே டிக்கெட் விற்று, தாங்களே கைதட்டிக்கொள்ள வேண்டியதுதான். அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் ஒத்திகைக்கு வராமல் இருக்க முடியாது. அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்த பூர்ணம் விஸ்வநாதனும் இந்த டெல்லியில் வளர்ந்தவர்தான். 1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்த குரல் பின்னால் தமிழ் சினிமாவுக்கு அப்பாவாகவும் தாத்தாவாகவும் வந்தது.

அறுபது, எழுபதுகளின் சபா நாடக நடிகர்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் குமாஸ்தா. நாகேஷ் ரயில்வே ஆபீஸ். பூர்ணம் வானொலி. கணேஷ் விமானப் படை. அவர்களுக்கு முந்தைய தலைமுறையான டி.எஸ். பாலையா, வி.கே. ராமசாமி எல்லாம் பாய்ஸ் கம்பெனிகளில் சின்ன வயதிலேயே சேர்ந்து, ஊர் ஊராக அலைந்து, சாப்பாட்டுக்கும் அடிக்கும் நடுவே நடிப்பு கற்றவர்கள். அவர்கள் நடிப்பில் ஒரு பெரிய வீச்சு இருக்கும். பாலையா கண்ணை உருட்டினால் கடைசி பெஞ்ச் வரைக்கும் தெரியும். ஆபீஸிலிருந்து வந்தவர்களின் நடிப்பு அப்படிப்பட்டதல்ல. அவர்கள் தினமும் பஸ்ஸில் பார்த்த மேனேஜரை, கேன்டீனில் பார்த்த கடன்காரனை, பக்கத்து போர்ஷன் மாமாவை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். குரலைக் குறைத்தார்கள். சபா மேடையில் தலைக்கு மேலே மைக் தொங்கும். நகர்ந்தால் சத்தம் போகும். ஆக, நகராமல் நின்ற இடத்திலேயே ஒரு ஆளைக் காட்டப் பழகினார்கள். இதைக் குறை என்று விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். ‘துணுக்குத் தோரண’ நாடகம் என்று கேலி செய்ததும் உண்டு, அந்தக் கேலியில் நியாயமும் உண்டு. ஆனால் சினிமா கிளோசப்புக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைத்திருக்காது.

வேலையை விட்டுவிட்டுச் சென்னை வந்த கணேஷ், காத்தாடி ராமமூர்த்தியின் ஸ்டேஜ் கிரியேஷன்ஸ் குழுவில் சேர்ந்தார். விசு எழுதிய ‘பட்டினப்பிரவேசம்’ நாடகம் அந்தக் குழுவுடையது. கிராமத்துக் குடும்பம் ஒன்று பட்டணத்துக்கு வந்து சிதறுகிற கதை. பாலசந்தர் அது பிடித்துப்போய்ப் படமாக்கினார். 1977-ல் படம் வந்தபோது கணேசன் ‘டெல்லி கணேஷ்’ ஆகியிருந்தார். பெயர் வைத்தவர் பாலசந்தர். மேஜர், தேங்காய், டைப்பிஸ்ட், காத்தாடி என்று நடிகர்களுக்கு அடைமொழி ஒட்டுகிற ஊர் இது. கணேசனுக்கு ஓர் ஊரே கிடைத்தது. பிறந்த ஊருமல்ல, பிழைக்க வந்த ஊருமல்ல, நடுவில் நாடகம் கற்ற ஊர்.

பத்து வயது போதும், அப்பா ஆக

ஹீரோவாகவும் நடித்துப் பார்த்தார். 1981-ல் ‘எங்கம்மா மகாராணி’. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவருக்கான வேலை வேறிடத்தில் இருந்தது.

அது என்ன வேலை? ஹீரோ வசனம் பேசும்போது எதிரே நின்று கேட்பது. கேட்பதற்கு ஒரு நடிகர் தேவையா என்று தோன்றும். தோன்றாமல் இருக்க வேண்டுமானால், சுமாரான ஒருவர் எதிரே நிற்கும் காட்சியைப் பார்க்க வேண்டும். தன் வசனம் எப்போது வரும் என்று காத்திருப்பது கண்ணிலேயே தெரியும். ஹீரோவின் கோபம் சுவரில் அடித்த பந்து மாதிரி அப்படியே திரும்பி வரும். டெல்லி கணேஷ் எதிரே இருந்தால் அந்தக் கோபம் போய் எங்கோ தைக்கும். தைத்தது அவர் முகத்தில் தெரியும். அதனால்தான் பார்க்கிற நமக்கும் அது உண்மையான கோபமாகத் தெரிகிறது. எடிட்டிங் மேஜையில் அப்படிப்பட்ட முகம் தங்கம். எங்கே வேண்டுமானாலும் வெட்டிப் போகலாம்.

‘சிந்து பைரவி’ குருமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1985. ஜே.கே.பி. என்ற பெரிய பாடகரின் மிருதங்க வித்வான். குடிப்பழக்கம் உண்டு. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்தவரை ஜே.கே.பி. மேடையேற விடுவதில்லை. மேடை நாடகத்தில் குடிகாரன் என்றால் தள்ளாட வேண்டும், நாக்குக் குழற வேண்டும், சபாவில் சிரிப்பு வர வேண்டும். நிஜக் குடிகாரர் செய்வது நேர்மாறு. நேராக நிற்கப் பாடுபடுவார். ஒன்றுமே ஆகாதது போல அளவுக்கு அதிகமாக மரியாதை காட்டுவார். கணேஷ் தேர்ந்தெடுத்தது இந்த இரண்டாவது குடிகாரரை. பின்னால் அதே ஜே.கே.பி. குடியில் விழுந்து கிடக்கும்போது நமக்குக் குருமூர்த்தி நினைவுக்கு வருகிறார். படத்தின் பெரிய வீழ்ச்சிக்கு முன்கூட்டியே வைக்கப்பட்ட சின்ன வீழ்ச்சி அது. அதை வெறும் சிரிப்புக் காட்சியாக அவர் ஆக்கியிருந்தால் ஜே.கே.பி.யாக நடித்த சிவகுமாரின் காட்சிகளே கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கும்.

அதே வருஷம் ரஜினியின் நூறாவது படமான ‘ஸ்ரீராகவேந்திரர்’. அதில் அவர் அப்பண்ணாச்சாரியார், மகானின் சீடர். ஒரே வருஷத்தில் ஒரு குடிகார வித்வானும் ஒரு பரம பக்தரும். இடையிடையே குரல் கொடுக்கும் வேலையும் உண்டு. பாலசந்தரின் ‘47 நாட்கள்’ படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழ் பேசியது இவர்தான். மனைவியை ஏமாற்றி வெளிநாட்டுக்குக் கூட்டிப் போய்க் கொடுமைப்படுத்துகிறவனின் குரல். அதைக் கேட்டுவிட்டு முனியாண்டியின் குரலையும் கேட்டால் இரண்டும் ஒரே தொண்டை என்று நம்பக் கொஞ்ச நேரமாகும்.

இனி அந்த மூன்று ஐயர்கள்.

முதலாமவருக்குப் பெயரே கிடையாது. ‘நாயகன்’ படத்தில், 1987-ல், வெறும் ‘ஐயர்’. தாராவியில் வேலு நாயக்கரின் நிழல். ஹிந்தி தெரியாத வேலுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கமும், இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கமும் மாற்றிச் சொல்கிற ஆள். டெல்லியில் கழித்த வருஷங்கள் இங்கே காசாயின. மொழிபெயர்ப்பாளரின் சங்கடம் தெரிந்தவர்களுக்கு அந்த நடிப்பின் அருமை புரியும். மிரட்டல் அவருடையது கிடையாது, ஆனால் மிரட்டலை வாயால் சொல்ல வேண்டியவர் அவர்தான். தாதாக்களின் கதையில் அவர் ஒரு சாதாரண மனிதரின் பயத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பயம் இருப்பதால்தான் நாயக்கரின் தைரியத்துக்கு ஓர் அளவு கிடைக்கிறது.

இரண்டாமவர் பாலக்காடு மணி ஐயர். 1990 தீபாவளிக்கு வந்த ‘மைக்கேல் மதன காமராஜ’னில் சமையல்காரர், காமேஸ்வரனை எடுத்து வளர்த்த அப்பா. காமேஸ்வரனாக நடித்த கமலுக்கு அப்போது 36 நெருங்கிக்கொண்டிருந்தது, கணேஷுக்கு 46. பத்து வயது வித்தியாசம் போதும், தமிழ் சினிமாவில் அப்பா ஆகிவிடலாம். ஹீரோவுக்கும் குணச்சித்திரத்துக்கும் ஒரே கடிகாரம் ஓடுவதில்லை.

இந்தப் படத்துக்குக் கிரேசி மோகன் எழுதிய வசனம் எப்படிப்பட்டது என்று தெரியும். ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். மேடையில் என்றால் நடிகர் கொஞ்சம் நிறுத்தி, சபாவின் சிரிப்பை வாங்கிக்கொண்டு மேலே போவார். ஷூட்டிங் ஸ்பாட்டில் சிரிக்க ஆளில்லை. லைட்பாய் சிரித்தால் டேக் வேஸ்ட். எங்கே சிரிப்பு வரும், எத்தனை விநாடி இருக்கும் என்பதை மனசுக்குள் கணக்குப் போட்டு, அந்த இடைவெளியை விட்டும் விடாமலும் பேச வேண்டும். கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிட்ட அந்தப் பிரசித்தி பெற்ற காட்சி வேலை செய்வதற்குக் காரணம் மீன் மட்டுமில்லை. அங்கே ஒருவருக்காவது அது சிரிப்பில்லை என்று இருக்க வேண்டும். மணி ஐயருக்கு அது பிழைப்பு, ஆசாரம், ஊரில் சம்பாதித்த பெயர், அத்தனையும் ஒரு பாத்திரத்தில் மிதக்கிற விஷயம். அவர் அதைத் துக்கமாக எடுத்துக்கொள்கிறார். நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். காமெடியில் சிரிப்பைக் கொடுப்பவரைப் புகழ்கிறோம். சிரிப்புக்கு இடம் கொடுத்து இறுக்கமாக நிற்பவரை மறந்துவிடுகிறோம். பாலக்காட்டுத் தமிழின் அந்த இழுவையைக் கேலியாக்காமல், அதையே தினமும் பேசுகிற ஒருவரைப் போலப் பேசியிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாமவர் ‘அவ்வை சண்முகி’யின் சேதுராம ஐயர், 1996. ஜெமினி கணேசன் நடித்த விஸ்வநாத ஐயரிடம் வேலை பார்ப்பவர். வாயில் பணிவு, கண்ணில் கணக்கு. மணி ஐயரும் சேதுராம ஐயரும் ஒரே எழுத்தாளர் எழுதியவர்கள், ஒரே ஹீரோவுக்கு எதிரே நிற்பவர்கள், கட்டியிருக்கும் வேட்டிகூட ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் முதல்வரிடம் நம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். இரண்டாமவரிடம் கைக்குட்டையைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டோம்.

இவர்களுக்கு நடுவே 1989-ல் ‘அபூர்வ சகோதரர்கள்’. நாசர், ஜெய்சங்கர், நாகேஷ், டெல்லி கணேஷ் என்று நான்கு வில்லன்கள். அதில் இவர் பிரான்சிஸ் அன்பரசு. நாகேஷையும் டெல்லி கணேஷையும் கொலைகாரர்களாக்கியது அந்தப் படத்தின் துணிச்சல். பார்த்தால் பயம் வராத முகம் ஒரு கொடூரத்தைச் செய்யும்போது வரும் பயமே வேறு. அந்தத் துணிச்சலைப் பின்னால் வந்தவர்கள் அவர் விஷயத்தில் அதிகம் காட்டவில்லை. ஒரு வில்லன் வேஷம் ஜெயித்ததும் அடுத்த பத்து வில்லன்களைக் கொடுக்கும் கோடம்பாக்கம், இவருக்கு மறுபடியும் ஹீரோயின் அப்பா, பக்கத்து வீட்டு மாமா, டாக்டர், புரோக்கர் என்றே கால்ஷீட் கேட்டது. 2000-ல் ‘தெனாலி’யின் டாக்டர் பஞ்சபூதம் அந்த வரிசையில் கொஞ்சம் விளையாட இடம் கிடைத்த வேஷம்.

சின்னத்திரையும் ஒரு தவலைப் பாயசமும்

தனியார் சேனல்கள் வந்தபோது சபா நடிகர்களுக்கெல்லாம் இரண்டாவது வாழ்வு வந்தது. நாடகம் சுருங்கிக்கொண்டிருந்தது, சனி ஞாயிறு சபாக் கூட்டம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. நடிகர்கள் அவர்களைத் தேடி ஹாலுக்குள் போனார்கள். டெல்லி கணேஷும் போனார். சன் டி.வி.யில் ராதிகாவின் ‘செல்லமே’ அவர் நடித்த தொடர்களில் ஒன்று.

சீரியல் என்பது எதிரே நின்று கேட்கிறவர்களால் ஓடுகிற தொழில். ஒருவர் குண்டு போடுவார்; வீட்டிலிருக்கும் எட்டுப் பேரின் முகத்துக்கும் கேமரா வரிசையாகப் போகும், இடி இடிக்கும், விளம்பரம் வரும். கணேஷ் போன்றவர்களின் கைவேலைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது என்றுதான் தோன்றும். நடந்தது அப்படியில்லை. அன்றன்றைக்கு எழுதி அன்றன்றைக்கு எடுக்கிற வேகத்தில், பின்னாலிருந்து பிராம்ப்ட் செய்கிற வசனத்தைப் பிடித்துப் பேசினாலே போதும் என்றாகிவிட்டது. முகத்தில் என்ன ஓடியது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. அவர் அதிலும் ஒழுங்காக நடித்தார். சம்பளத்துக்கு வேலை என்பதில் ஒரு கௌரவம் இருப்பதாக நம்பிய தலைமுறை. 1994-ல் கலைமாமணி வந்தது. படங்களின் எண்ணிக்கை நானூறைத் தாண்டியது. மகனை ஹீரோவாக வைத்து 2016-ல் ‘என்னுள் ஆயிரம்’ தயாரித்தார்.

பிறகு 2021 ஆகஸ்டில், 77 வயது நிரம்பியிருந்தபோது, ‘பாயசம்’ வந்தது. கொரோனாவில் வேலையிழந்த சினிமாத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்ட மணிரத்னமும் ஜெயேந்திராவும் முன்நின்று நெட்ஃப்ளிக்ஸுக்காக எடுத்த ‘நவரசா’ தொகுப்பில் ஒரு குறும்படம். தி. ஜானகிராமனின் கதை, வசந்த் எஸ். சாய் இயக்கம். கொடுக்கப்பட்ட ரசம் அருவருப்பு.

கதை நடப்பது 1965-ல், கும்பகோணத்துக் கல்யாண வீட்டில். அண்ணன் மகன் சுப்பராயனுக்கு ஊரெல்லாம் பெயர், பணம், மரியாதை. அவன் வீட்டுக் கல்யாணம் தடபுடலாக நடக்கிறது. பெரியவர் சாமநாதுவுக்கு அது தாங்கவில்லை. அவர் வீட்டில் விதவையாகி வந்து உட்கார்ந்திருக்கிறாள் மகள். செத்துப்போன மனைவி மட்டும் அவர் மனசுக்குள் வந்து வந்து கண்டித்துவிட்டுப் போகிறாள். கடைசியில் ஒரு தவலைப் பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு, எலி விழுந்திருந்தது என்று பொய் சொல்கிறார். மகளுக்குப் புரிந்துவிடுகிறது.

இந்த வேஷத்தில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. ஒரு நடிகர் நாற்பது வருஷம் பெரும்பாலும் நல்லவராகவே நடித்திருந்தால், கடைசியில் வரும் கெட்ட வேஷத்திலும் கொஞ்சம் அனுதாபம் கேட்கத் தோன்றும். ‘பாவம், வயசானவர்’ என்று பார்க்கிறவர்கள் சொல்லும்படி ஒரு கண்ணீரைச் சேர்த்துவிடலாம். கணேஷ் கேட்கவில்லை. சாமநாது எரிச்சலோடு நடக்கிறார், எரிச்சலோடு உட்காருகிறார். யாராவது வணக்கம் சொன்னால் அதிலும் ஒரு குறை கண்டுபிடிக்கிற முகம் அது. பொறாமை என்பது ஒரு கணத்தில் வெடிக்கிற விஷயமாக அவர் காட்டவில்லை. காலை எழுந்ததிலிருந்து உடம்பில் இருக்கிற ஒரு வலி மாதிரி தூக்கிக்கொண்டு திரிகிறார். தவலையைத் தள்ளும்போது அது திட்டமா, கை தவறியதா என்று அவருக்கே தெரியாத மாதிரி ஒரு நிமிஷம். பிறகு பொய் சொல்லும்போது வருகிற அந்த அதிகாரம், மகளின் பார்வை பட்டதும் கலைந்து போகிறது. வசனம் கிட்டத்தட்ட இல்லை. மறுபடியும் கேட்பதும் பார்ப்பதும்தான். ஆனால் இம்முறை கேமரா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

வேஷ்டி, விபூதி, கல்யாணச் சமையல், பாத்திரம் என்று வெளியிலிருந்து பார்த்தால் மணி ஐயரின் அதே உலகம். உள்ளே இருந்த ஆள் மட்டும் வேறு. இப்படி ஒரு வேஷம் இன்னும் ஐந்தாறு கிடைத்திருக்கலாம் என்று இப்போது சொல்வது சுலபம். தமிழ்ச் சிறுகதையில் சாமநாதுக்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை எடுக்கத் தயாரிப்பாளர்களுக்குத்தான் பஞ்சம்.

2024 நவம்பர் 9 இரவு, சென்னை ராமாபுரம் வீட்டில் டெல்லி கணேஷ் காலமானார். வயது 80. சினிமாக்காரர்கள் வந்தார்கள், விமானப் படையினரும் வந்து மரியாதை செய்தார்கள்.

அவர் வந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. சபா நாடகங்களிலிருந்து இன்று சினிமாவுக்கு ஆள் வருவதில்லை. அப்பா வேஷங்களைப் பெரும்பாலும் முன்னாள் ஹீரோக்களும் இயக்குநர்களும் செய்கிறார்கள். அவரை இயக்கிய கே.எஸ். ரவிக்குமாரே இன்று கைராசியான குணச்சித்திர நடிகர். ‘பட்டினப்பிரவேசம்’ வந்த அதே 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை வேறொரு வழியைத் திறந்தது. பசுபதி, குரு சோமசுந்தரம் என்று உடம்பால் நடிக்கத் தெரிந்தவர்கள் அதன் வழியாக வந்தார்கள். குரலால் பிழைத்து, டப்பிங் அறையிலிருந்து சீரியலுக்கும் சீரியலிலிருந்து சினிமாவுக்கும் படிப்படியாக வந்தவர் எம்.எஸ். பாஸ்கர். ‘பார்க்கிங்’ படத்தில் வாடகை வீட்டு வாசலில் வண்டி நிறுத்தும் இடத்துக்காக மேல்வீட்டுப் பையனிடம் மல்லுக்கு நிற்கும், ஓய்வை நெருங்கிய அரசு ஊழியர் வேஷம் அவருக்கு. சாமநாதுவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம், அவ்வளவு அற்பமான, அவ்வளவு நிஜமான கோபம். அதற்காக அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது, 2025 ஆகஸ்ட் 1 அன்று. டெல்லி கணேஷ் இருந்திருந்தால் அன்று அவருக்கு 81 முடிந்திருக்கும்.